அப்பாவின் டீசல் வண்டியும் 38 வெள்ளி போத்தலும்

"நீதானேம்மா ரேடியோவுல சொன்னே?"

அப்பா கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடந்த ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் பிக்கப் நின்றுவிட்டது. உள்ளே அம்மா, சின்னம்மா, நான். பின்னால் தானா ராத்தாவில் நடக்கும் மாமா மகள் கல்யாணத்துக்கான தட்டுச் சாமான்கள்.

வளைவில் ஏறும்போது இஞ்சின் ஒருமுறை திணறியது. அப்பா கியரைக் குறைத்தார். மறுபடியும் திணறி அணைந்தது. இஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், பிரேக்கும் இறுகிவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. அப்பா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்துக் கல்லில் டயரை முட்டி நிறுத்தினார். பின்னால் வந்த காய்கறி லோரி ஹாரன் அடித்தபடி விலகிப் போனது. சின்னம்மா முருகனைக் கூப்பிட்டார்.

அப்பா 26 வருடம் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வண்டி அவர் கையில் இப்படி நின்றதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். டீசலில் கலக்கும் 'அடிட்டிவ்'. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

ஆமாம், நான்தான் சொன்னேன். முப்பது விநாடி விளம்பரம். பழைய டீசல் இஞ்சினுக்குப் புத்துயிர், உராய்வு குறையும், எண்ணெய் மிச்சமாகும் என்று எழுதித் தந்ததை உற்சாகமாகப் படித்துப் பதிவு செய்தேன். டீசல் இஞ்சினைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அந்த விளம்பரம் வந்த மாதமே அப்பா முதல் போத்தலை வாங்கியிருக்கிறார். ஐந்து மாதத்தில் ஒன்பது போத்தல். ஒன்று 38 வெள்ளி. மகள் சொல்கிறாள் என்ற நம்பிக்கையில் 342 வெள்ளி.

அந்தக் குற்ற உணர்வுதான் என்னைப் படிக்க வைத்தது. பட்டறைகளில் நின்று கேட்க வைத்தது. தெரிந்துகொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வீட்டில் ஒரு பழைய டீசல் வண்டியும் அதைப் பிரிய மனமில்லாத ஒரு அப்பாவும் இருந்தால் உங்களுக்கும் உதவும்.

டீசலே எண்ணெயாக வேலை செய்யும் இடம்

பெட்ரோல் காரில் இல்லாத ஒரு விஷயம் டீசல் காரில் உண்டு. டீசலை அழுத்தி இஞ்சினுக்குள் பீய்ச்சி அனுப்பும் பம்புக்கு, பெரும்பாலான கார்களிலும் பிக்கப்களிலும் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலேதான் அதற்கு வழுவழுப்பு. டீசலில் அந்த வழுவழுப்புக் குறைந்தால், பம்பின் உலோகப் பாகங்கள் ஒன்றோடு ஒன்று உரசித் தேயும்.

முன்பு நம் நாட்டில் விற்ற யூரோ 2எம் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் நாடு முழுதும் வந்த யூரோ 5 டீசலில் அது 10 பங்குதான். காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலுக்கு இயற்கையாக வழுவழுப்பைத் தரும் வேறு சில பொருள்களும் சேர்ந்து போய்விடும். சுவீடன் 1991இல் மிகக் குறைந்த கந்தக டீசலைக் கொண்டு வந்தபோது இந்தப் பாடத்தைக் கற்றது. அங்கே பல வண்டிகளின் பம்புகள் சீக்கிரமே பழுதாயின. அதன் பிறகு சுத்திகரிப்பு ஆலையிலேயே வழுவழுப்பு மருந்தைக் கலக்கும் வழக்கம் வந்தது. ஐரோப்பியத் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. டீசலில் நனைந்த சிறு இரும்புக் குண்டை உலோகத் தட்டில் உரசவிட்டு, விழும் தேய்மானத் தழும்பை அளப்பார்கள். அது 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது.

அதாவது போத்தல்காரர்கள் சொல்லும் கதை முழுப் பொய் இல்லை. சுத்தமான டீசல் வறண்ட டீசல் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் பாதி நம் மலேசியாவில்தான் இருக்கிறது.

அடுத்த முறை டீசல் பம்பைக் கவனித்துப் பாருங்கள். பி10 அல்லது பி7 என்று எழுதியிருக்கும். அந்த எண், டீசலில் எத்தனை விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசல் கலந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பயோடீசல் நல்ல வழுவழுப்பு உள்ள பொருள். ஒன்றிரண்டு விழுக்காடு கலந்தாலே வறண்ட டீசலின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நம் டீசலில் இருப்பதோ ஏழு முதல் பத்து விழுக்காடு. தோட்டத்தில் காலம் பூராவும் செம்பனைக் குலை ஏற்றிய அப்பாவின் வண்டிக்கு, அந்தச் செம்பனையே வழுவழுப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் அவர் 38 வெள்ளி கொடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தாப்பா பட்டறையில் தெரிந்தது

இழுவை லோரி வந்து வண்டியைத் தாப்பாவுக்கு இறக்கியது. கல்யாணத்துக்கு அம்மாவும் சின்னம்மாவும் டாக்சியில் போனார்கள். பட்டறையில் இருந்த வயதான சீன மெக்கானிக், அப்பா நீட்டிய போத்தலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நேராக டீசல் ஃபில்டரைக் கழற்றினார். அதன் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினார். மேலே டீசல், கீழே இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர், நடுவில் கறுப்பாக வழவழவென்று ஒரு சளி. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து உண்டாக்கும் கசடு அது.

"கடைசியாக ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்கு நினைவில்லை. ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அந்தப் பல்பு செத்து எத்தனை வருடமோ.

தண்ணீர் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் முழுக் கதையும் புரிந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதற்கு முன்பு அப்பா எப்போதும் டாங்கை நிரப்பிவிடுவார். விலை ஏறியதும் முப்பது வெள்ளிக்கு ஊற்றுவார், அதாவது ஒன்பது லிட்டர்கூட இல்லை. 75 லிட்டர் டாங்க் மாதக்கணக்கில் முக்கால்வாசி காலியாகவே இருந்தது. நம் ஊர் ஈரக்காற்று காலி டாங்குக்குள் புகுந்து, இரவில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகிறது. பயோடீசலுக்கோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. பழைய டாங்கில் படிந்த அழுக்கைக் கரைக்கும் குணமும் அதற்கு உண்டு. அப்பா வாங்கிய போத்தலிலும் அழுக்கை நீக்கும் மருந்து இருந்தது. ஒரு போத்தல் 60 லிட்டருக்கு என்று லேபிளில் எழுதியிருந்தும், கால் டாங்க் டீசலில் அதை அப்படியே கவிழ்த்திருக்கிறார். கிளம்பிய அழுக்கெல்லாம் வந்து சேரும் இடம் ஃபில்டர்தான். சமவெளியில் எப்படியோ ஓடியது. மலையேற்றத்தில் இஞ்சின் அதிக டீசல் கேட்டபோது, அடைத்த ஃபில்டரால் கொடுக்க முடியவில்லை.

புது ஃபில்டர் 40 வெள்ளிக்கும் குறைவு. டாங்கைக் கழுவியதோடு, கசிந்துகொண்டிருந்த இரண்டு ரப்பர் குழாய்களையும் மாற்றினார்கள். மறுநாள் வண்டி அதே சாலையில் ஏறியது.

அந்தப் போத்தல் வண்டியைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து மாதம் அது அப்பாவை வேறு எதையும் பார்க்க விடவில்லை. அதுதான் நடந்தது. வண்டி திணறிய ஒவ்வொரு முறையும் "மருந்து ஊத்தியாச்சு, சரியாயிடும்" என்று காத்திருந்தார்.

மருந்து எதற்கு உதவும், எதற்கு உதவாது?

டீசல் மருந்துகளில் பல வகை உண்டு. அழுக்கு நீக்கும் வகை, இன்ஜெக்டர் முனையில் படிந்த கரியைச் சில டாங்குகளில் மெல்ல மெல்லக் குறைக்கும். கரி படிந்த வண்டியில் இதனால் பலன் தெரியும். சீட்டேன் கூட்டும் வகை, டீசல் சீக்கிரம் பற்ற உதவும். காலையில் வரும் 'டக் டக்' சத்தம் கொஞ்சம் குறையலாம். குளிரில் டீசல் உறையாமல் காக்கும் வகையும் விற்கிறார்கள். நம் சமவெளியில் அதற்கு வேலையே இல்லை.

தேய்ந்த பிஸ்டன் ரிங், தேய்ந்த இன்ஜெக்டர், வெடித்த ரப்பர் குழாய், அடைத்த ஃபில்டர் - இவற்றை எந்தப் போத்தலும் சரி செய்யாது. தண்ணீரை டீசலோடு கலந்து எரித்துவிடும் வகையில் இன்னும் கவனம் தேவை. 2000களின் நடுவில் பரவலாக வந்த காமன் ரெயில் இஞ்சின்களில் டீசல் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் பாய்கிறது. அங்கே தண்ணீர் கலந்து போனால் இன்ஜெக்டர் முனைக்கு ஆபத்து. தண்ணீரை வெளியே எடுப்பதுதான் சரி.

அப்பாவின் நண்பர் ஒருவர் டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள் ஆயிலைக் கலக்கச் சொன்னார். பலரும் செய்வதுதான். ஆனால் வழுவழுப்பு ஏற்கெனவே இருக்கும் டீசலில் அதனால் பெரிய லாபம் இல்லை. புகை வடிகட்டி பொருத்திய புது வண்டிகளில், அந்த ஆயிலின் சாம்பல் வடிகட்டியையே அடைக்கும். மண்ணெண்ணெய் கலப்பது அதைவிட மோசம். அது மெல்லிய எண்ணெய். உள்ள வழுவழுப்பையும் குறைத்துவிடும்.

போத்தல் வாங்கும் முன்...

முதலில் டீசல் ஃபில்டர். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். எப்போது மாற்றினோம் என்று நினைவில்லையா? அப்படியானால் இப்போதே மாற்றுங்கள்.

மாதம் ஒருமுறை ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த டீசலைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையில் கொடுங்கள். சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிகின்றனவா என்றும் கவனியுங்கள்.

டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். முப்பது முப்பதாக ஊற்றினாலும் மாதச் செலவு ஒன்றுதான்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் பேட்டரியை மட்டும் சந்தேகப்படாதீர்கள். பழைய ரப்பர் குழாய் வழியாகக் காற்று இழுக்கலாம்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. மூன்றுக்கும் மெக்கானிக்தான் முதல் மருந்து.

இத்தனைக்கும் பிறகு அழுக்கு நீக்கும் மருந்து ஊற்ற விரும்பினால் ஊற்றுங்கள். லேபிளில் சொன்ன அளவில், அதற்குரிய டீசலோடு.

கல்யாணம் முடிந்து கோலாலம்பூர் திரும்பியதும் விளம்பரப் பிரிவில் பேசினேன். இனி இப்படிப்பட்ட பொருளுக்குக் குரல் கொடுக்கும் முன்பு, அது என்ன செய்யும் என்று எனக்குப் புரிய வேண்டும் என்றேன். சிலர் சிரித்தார்கள். பரவாயில்லை. வானொலியில் பேசும்போது கேட்பவர் யாரென்று நமக்குத் தெரிவதில்லை. பீடோரில் ஒரு வீட்டுச் சமையலறையில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பா வண்டியை விற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, ஃபில்டர் திருகைத் திறந்து பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் கொஞ்சம் டீசல் பிடித்து, படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன மாதப் படத்தின் கீழே எழுதியிருந்தார்: "தண்ணீர் இல்லை. நீ சாப்பிட்டியா?"