அவசர சிசேரியன்: கத்தி வைப்பதற்கு முந்தைய நிமிடங்கள்

"குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே சிசேரியன் செய்ய வேண்டும்" என்று மகப்பேறு மருத்துவர் கூறியதும், பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்போர் மயக்கவியல் மருத்துவர்களாகிய எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மறுபடியும் முதுகில் ஊசி போடுவீர்களா, டாக்டர்?"

பிரசவ வலியைத் தணிக்க முன்பே பொருத்திய எபிடியூரல் குழாய் நன்கு பயனளித்து வந்தால், பெரும்பாலும் புதிய ஊசி தேவையில்லை. அதே குழாய் வழியே வலிமையான மருந்தைச் செலுத்துகிறோம். வலி தணிக்க ஏறத்தாழ 0.1 சதவீத பூபிவக்கெய்ன் போதும்; அறுவைக்குப் போதாது. ஆகவே 2 சதவீத லிக்னோகெய்னுடன் மிகச் சிறிதளவு அட்ரினலின் சேர்க்கிறோம். விரைந்து மரத்துப்போகச் சில வேளைகளில் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ப்பதுண்டு. மருந்தின் பெயரை ஊசிக்குழலில் ஒட்டி, இருவர் சரிபார்த்த பின்னரே பயன்படுத்துகிறோம்.

மொத்தம் 15 முதல் 20 மி.லி. மருந்து தேவைப்படலாம். அதனை ஒரேயடியாகச் செலுத்துவதில்லை. குழாயின் நுனி இரத்தக்குழாய்க்குள் நகர்ந்திருந்தால் இதயம் பாதிக்கப்படக்கூடும். எனவே சிறிது சிறிதாகச் செலுத்தி, "காதில் இரைச்சல் கேட்கிறதா? நாக்கில் உலோகச் சுவை தெரிகிறதா?" என்று தாயிடம் கேட்கிறோம். பின்னர் பனிக்கட்டியை உடலின் இருபுறமும் வைத்துப் பார்க்கிறோம். கால் முதல் மார்பு வரை குளிர்ச்சி தெரியவில்லை என்று அவர் சொன்ன பிறகே அறுவை தொடங்கும்.

இதற்குப் பத்து நிமிடங்களோ, சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். வெளியே நிற்போருக்கு இது தாமதமாகத் தோன்றும். ஆனால் அந்நேரத்திலும் தாயை இடப்புறம் சாய்த்துப் படுக்கவைத்து, இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கிறோம். அவ்வளவு நேரம்கூட இல்லையெனில் முழு மயக்கம் அளிப்போம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவையின்போது இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், நடுக்கமும் வரலாம். இவை இயல்பே. ஆனால் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். கூடுதல் மருந்தோ, வேறு வகை மயக்கமோ அளிக்க எங்களால் இயலும். உங்கள் சொல்லே எங்களுக்கு நம்பகமான அளவுகோல்.

குடும்பத்தினர் நான்கு செய்திகளை நினைவில் வைத்திருங்கள்: கடைசியாக உண்ட நேரம், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாதிருக்கப் போட்ட ஊசியின் நேரம், முந்தைய மயக்க மருந்தால் நேர்ந்த சிக்கல். இவற்றை நாங்கள் கேட்டதும் சொன்னால், அந்த அவசரத்தில் உங்கள் பங்கும் நிறைவேறிவிடும்.