கொசு விரட்டி: போத்தலின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே ஒரு சிவப்புப் பதாகை தொங்கியது. அந்த வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்துள்ளது என்பது அதன் பொருள். மஞ்சள் பதாகைகளைப் பார்த்துப் பழகிப்போன எனக்கு, சிவப்பைக் கண்டதும் அம்மாவின் நினைவுதான் முதலில் வந்தது.

அம்மாவுக்கு 2020ஆம் ஆண்டில் டெங்கி வந்து, மருத்துவமனையில் சில நாள் இருந்தார். அந்த ஆண்டு சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் அக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். “எனக்குத்தான் ஒருதரம் வந்துடுச்சே, இனிமே வராது” என்பது அம்மாவின் நம்பிக்கை. உண்மை வேறு. டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றினால் அந்த வகைக்கு எதிராகவே நீடித்த எதிர்ப்பு சக்தி கிடைக்கும். இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுதல்.

அன்று மாலையே வீட்டில் கிடந்த கொசு விரட்டிகளை எல்லாம் மேசைமீது வைத்தேன். பேரங்காடியில் வாங்கிய தெளிப்பான் ஒன்று. பச்சை இலை படம் போட்ட எலுமிச்சைப்புல் தெளிப்பான் ஒன்று. மகளின் சட்டையில் ஒட்டும் வில்லைகள், ஒரு கைப்பட்டை. தம்பி தேசிய சேவையில் இருந்தபோது வாங்கிய பழைய போத்தல் ஒன்று. எல்லாமே முன்பக்கத்தில் கொசுவை விரட்டுவதாகத்தான் சொல்கின்றன. எதை நம்பி அம்மாவைக் காலை நடைக்கு அனுப்புவது?

பெயரும் விழுக்காடும்

விடை பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, கொசுவை விரட்டும் மூலப்பொருளின் பெயர். தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பவை மூன்று: டீட், பிக்காரிடின், ஐஆர்3535. இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

டீட் பழையது. அமெரிக்க ராணுவத்துக்காக 1946ல் உருவாக்கப்பட்டு, 1957ல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இது கொசுவைக் கொல்வதில்லை. நம் தோலின் வாசனையை வைத்து நம்மைத் தேடி வரும் கொசுவைக் குழப்பிவிடுகிறது. பிக்காரிடின் அதற்குப் பிறகு வந்தது. அதில் வாடையும் பிசுபிசுப்பும் குறைவு.

அடுத்தது விழுக்காடு. இங்குதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். 30 விழுக்காடு டீட் என்றால் 10 விழுக்காட்டைவிட மூன்று மடங்கு வலுவானது என்று பொருளல்ல. அது கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். 10 விழுக்காடு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், 25 முதல் 30 விழுக்காடு ஏறத்தாழ ஐந்து மணி நேரமும் காக்கும். 50 விழுக்காட்டுக்கு மேல் போவதால் பெரிய பயன் இல்லை. அரை மணி நேரம் கீழே போய் வரக் குறைந்த அளவே போதும். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதையில் பாதி நாள் நடக்கக் கூடுதல் வேண்டும். வியர்வையும் மழையும் இந்த நேரத்தைக் குறைக்கும்.

கூண்டுக்குள் கை

“நான் இதைத்தான் பூசுறேன், எனக்கு ஒண்ணும் கடிக்கல” என்பார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அது சோதனை ஆகாது. சிலரைக் கொசு இயல்பாகவே அதிகம் நாடும், சிலரை அவ்வளவாக நாடாது. ஏடிஸ் கடித்தது தெரியாமலும் போகலாம். கொசு இருக்கும் இடத்தில் நின்று நாமே சோதித்துப் பார்ப்பதோ ஆபத்து.

ஆய்வுக்கூடத்தில் இதற்கென ஒரு முறை உண்டு. நோய்க் கிருமி இல்லாமல் வளர்க்கப்பட்ட, பசித்த பெண் கொசுக்களைக் கூண்டில் விடுவார்கள். தன்னார்வலர் மருந்து பூசிய கையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் உள்ளே விடுவார். முதல் கடி விழும்வரை ஆகும் நேரமே அந்த மருந்தின் மதிப்பெண்.

இம்முறையில் மார்க் ஃப்ராடின், ஜோனத்தன் டே ஆகியோர் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2002ல் வெளியானது. அவர்கள் பயன்படுத்தியது, இங்கே டெங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசுவை. 23.8 விழுக்காடு டீட் கொண்ட மருந்து சராசரியாக 301 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம் காத்தது. எலுமிச்சைப்புல் இனத்தைச் சேர்ந்த சிட்ரோனெல்லா எண்ணெய்த் தயாரிப்புகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மருந்து ஊறிய கைப்பட்டைகள்? அரை நிமிடத்துக்குள் கடி விழுந்துவிட்டது.

மேசையிலிருந்த கைப்பட்டையை அன்றே குப்பையில் போட்டேன். மகளின் சட்டையில் ஒட்டும் வில்லையையும் இனி நம்புவதாக இல்லை. ஓரிடத்தில் ஒட்டிய வாசனை, வெறுங்கால்களைக் காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

‘மூலிகை, ஒன்றும் செய்யாது’

அம்மா விடவில்லை. “கெமிக்கல் வேண்டாம்ப்பா. இது மூலிகை. அந்த மருந்து பட்டு தம்பியோட கடிகாரப் பட்டையே பிசுபிசுன்னு ஆயிடுச்சு. தோலு என்ன ஆகும்?” என்றார்.

நியாயமான கேள்வி. டீட் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், கடிகாரப் பட்டை, இழுபடும் செயற்கைத் துணி ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தோல் பிளாஸ்டிக் அல்ல. தோல்வழி உடலுக்குள் செல்லும் சிறிதளவு டீட்டைக் கல்லீரல் சிதைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2014ல் மறு ஆய்வு செய்து, முகப்புச்சீட்டில் உள்ளபடி பயன்படுத்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. அரிதாக நேர்ந்த கடும் பாதிப்புகளில் பல, மருந்தை விழுங்கியதாலோ அளவுக்கு மீறிப் பூசியதாலோ வந்தவை.

மறுபக்கம், இயற்கை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. வாசனை எண்ணெய்கள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் தரும். எலுமிச்சை வாசமுள்ள ஒருவகை யூகலிப்டஸ் மரத்திலிருந்து பெறப்படும் பிஎம்டி, தாவர வகையில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால், கடையில் சிறு குப்பியில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் அதற்கு ஈடாகாது. பிஎம்டியை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது.

பூசும் முறை

* இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு எந்தக் கொசு விரட்டியும் வேண்டாம். தள்ளுவண்டிக்கும் தொட்டிலுக்கும் வலை போடுங்கள்.
* பிள்ளைகளுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட டீட் வேண்டாம். பெரியவரே பூசிவிட வேண்டும். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்பதால் உள்ளங்கைகளில் பூசாதீர்கள்.
* முகத்தில் நேராகத் தெளிக்காதீர்கள். கையில் தெளித்து, கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தடவுங்கள்.
* காயத்திலும் புண்ணிலும் பூசாதீர்கள். ஆடைக்கு உள்ளே வேண்டாம், வெளியே தெரியும் தோலில் பூசினால் போதும்.
* வெயில் தடுப்புக் களிம்பு முதலில், கொசு விரட்டி அதற்கு மேல்.
* வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.
* புதிய மருந்தை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எந்த நேரத்தில் பூசுகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் இரவானால் கொசுவர்த்தி ஏற்றுவது வழக்கம். ஆனால் ஏடிஸ் பகலில் கடிப்பது. சூரியன் உதித்த பின்னும் மறைவதற்கு முன்னும் உள்ள சில மணி நேரத்தில் அதன் வேகம் அதிகம். அம்மா காலை நடைக்குப் போவதும் மாலையில் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அதே நேரத்தில்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் காலணி அடுக்கின்மேல் 20 விழுக்காடு பிக்காரிடின் போத்தல் ஒன்று இருக்கிறது. வாடை இல்லாததால் அம்மாவும் மறுக்கவில்லை. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கொசு பெருகினால் எந்த மருந்தும் முழுக் காவல் ஆகாது.

டெங்கி வந்தவர் வீட்டிலும் கொசு விரட்டி பூசிக்கொள்ள வேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறது. 2020ல் அம்மா காய்ச்சலோடு படுத்திருந்தபோது இது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அவருக்கு எதையும் பூசிவிடவில்லை.