மூட்டு வலிக்கு 12 மணி நேரப் பாடம்!

மருந்துச் சீட்டு இல்லை. ஊசி இல்லை. டாக்டரும் இல்லை. ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து இருந்தார்கள். எல்லோருக்கும் மூட்டு வலி. பாடம் நடத்த வந்தவருக்கும் மூட்டு வலிதான்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1970-களின் கடைசியில் இந்த வகுப்பு தொடங்கியது. தொடங்கியவர், கேட் லோரிக் என்ற பெண்மணி. நர்சு படிப்பு படித்தவர். டாக்டர் ஹால்ஸ்டெட் ஹோல்மன் அவருக்குத் துணை நின்றார்.

மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் போன்றவை வந்தால் லேசில் விட்டுப் போவது இல்லை. டாக்டருடன் பேசுவது எப்போதோ பத்து நிமிடம். மீதி நேரம் எல்லாம் நோயாளியும் வலியும்தான். மாடிப்படி ஏற வேண்டும். குடம் தூக்க வேண்டும். இரவில் புரண்டு படுக்க வேண்டும். இதை எல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? அதற்காகத்தான் இந்த வகுப்பு. வாரம் ஒரு நாள், 2 மணி நேரம். மொத்தம் 6 வாரம்.

வலி போடும் வளையம்

வலிக்கிறதே என்று ஒருவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். அசையாத தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்குவது இல்லை. மூட்டு விறைக்கிறது. வலி கூடுகிறது. தூக்கம் கெடுகிறது. மனம் சோர்கிறது. மறுபடியும் படுக்கை!

இந்த வளையத்தை எப்படி அறுப்பது?

"இனிமேல் தினமும் நடப்பேன்" என்று சொன்னால் வகுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு தூரம்? எந்த நேரம்? வாரத்தில் எத்தனை நாள்? எல்லாம் சொல்ல வேண்டும். "காலையில் தெருக்கோடி வரை, வாரம் 4 நாள்" என்றால் சரி. அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு என்றும் கேட்பார்கள். 7-க்குக் குறைந்தால், தூரத்தைக் குறைக்க வேண்டும். மார்க்கு குறைந்தால் பாடத்தைக் குறைக்கிற வாத்தியாரை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

அடுத்த வாரம் வந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். நடக்கவில்லையா? கோபிக்க மாட்டார்கள். எது தடுத்தது என்று எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள்.

உடற்பயிற்சிக்கு ஒரு கணக்கு உண்டு. செய்து முடித்து 2 மணி நேரம் ஆன பிறகும் முன்னைவிட அதிகமாக வலித்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அடியோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்த தடவை குறைத்துச் செய்ய வேண்டும். மூட்டு திடீரென்று வீங்கினால், சூடாகச் சிவந்தால், காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

நோய் நிற்கவில்லை, வலி குறைந்தது!

வகுப்புக்கு வந்தவர்களை 4 ஆண்டுக்குப் பிறகு பார்த்தார்கள். முடிவு 1993-ல் வெளிவந்தது. வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் உடல் முடக்கமோ, 9 சதவீதம் கூடியிருந்தது! நோய் தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் வலி எப்படிக் குறைந்தது? அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அதிக நன்மை என்று லோரிக் நினைத்திருந்தார். கணக்கு அப்படி வரவில்லை. "இந்த வலியை என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை யாருக்கு வளர்ந்ததோ, அவர்களுக்கே நன்மை கிடைத்தது.

இதைக் கேட்டு, "பார்த்தாயா, எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. வலி உண்மை. ஆனால் அது மூட்டில் இருந்து மட்டும் வருவது இல்லை. பயமும், தூக்கமின்மையும், தனிமையும் அதைப் பெருக்கிக் காட்டுகின்றன.

எல்லா இடத்திலும் பலன் ஒரே மாதிரி இல்லை. 2006-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சோதனையில், வகுப்பினால் வலி குறைந்ததாகத் தெரியவில்லை. மனக்கவலை குறைந்தது. நம்பிக்கை கூடியது.

படிக்க வந்தவர்களில் சிலர் பிறகு பயிற்சி பெற்றார்கள். அடுத்த வகுப்புக்கு அவர்களே ஆசிரியர்களாக வந்து நின்றார்கள்.