காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மலையகப் பிள்ளைகளுக்காக

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், குடும்பம் பெரும்பாலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத்தான் போகிறது. மருந்து ஏறுவது அங்கே. அதற்குப் பின் வரும் வாந்தி, வாய்ப்புண், வலி எல்லாவற்றுக்கும் முகம் கொடுப்பது லயத்து வீட்டில்.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வறிய நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதோடு, சிகிச்சை பாதியில் நிற்பதும் பக்கவிளைவுகளால் பிள்ளைகள் இறப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே வீட்டில் உபாதைகளைக் கவனிப்பதும் சிகிச்சையின் பகுதியே.

காய்ச்சல்: முதல் அவசரம்

கீமோ எனும் புற்றுநோய் மருந்து ஏற்றிய பின், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே புறப்படுங்கள். பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பனடோல் காய்ச்சலை மறைக்கும், தொற்றைத் தீர்க்காது.

வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். அக்குளில் வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. இரவானாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். டிக்கோயா, நுவரெலியா என்று அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், வாசலிலேயே “கீமோ ஏற்றிய பிள்ளை” என்று சொல்லுங்கள். நோயின் பெயர், கடைசியாக மருந்து ஏற்றிய திகதி, மஹரகம வைத்தியசாலை விடுதியின் (வார்டு) தொலைபேசி எண் ஆகியவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். மொழி புரியாமல் நேரம் வீணாகாது.

வாந்தியும் வளைவுப் பாதையும்

கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் சுகமாக இருப்பவர்களுக்கே தலை சுற்றும். கீமோ ஏற்றித் திரும்பும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்! பயணத்துக்கு முன் என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று விடுதியிலேயே கேளுங்கள். வாந்தித் தடுப்பு மருந்தை வாந்தி வந்தபின் தேடாமல், சொன்ன நேரத்துக்கே கொடுக்க வேண்டும்.

வீட்டில் சிறிது சிறிதாக, பல தடவை சாப்பிடக் கொடுங்கள். அடுப்புப் புகையும் தாளிக்கும் வாசமும் படாத இடத்தில் படுக்க வையுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்துவிட்டால், வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வாய்ப்புண்

கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். பல்துலக்கி மென்மையாக இருக்கட்டும். காய்ந்த ரொட்டியும் கட்டச் சம்பலும் கொஞ்ச நாள் வேண்டாம். குழைந்த சோறும் பருப்பும், ஆறிய கஞ்சியும் இறங்கும்.

வலியும் இரத்தக்கசிவும்

“பொறுத்துக்கோ” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கடும் வலிக்கு மோர்ஃபின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான மருந்து. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வலிக்குப் பனடோல் கொடுப்பதானாலும் முதலில் காய்ச்சலைப் பாருங்கள்.

குருதிச் சிறுதட்டுகள் குறையும்போது ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்த நாட்களில் அட்டை கடித்த இடத்திலும் இரத்தம் எளிதில் நிற்காது. மழைக்காலத்தில் பிள்ளையைத் தேயிலை மலைக்குள் விடாதீர்கள். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகளின் மௌனம்

கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த இளைஞன் நோயோடு ஊர் திரும்பியதும், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்று வலியை மறைப்பான். பெண்பிள்ளைகள் முடி கொட்டியதும் வெளியே வரத் தயங்குவார்கள். “இன்றைக்கு வலி பத்தில் எத்தனை?” என்று தினமும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியருக்கு அது உதவும். சில மருந்துகள் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். சிகிச்சை தொடங்குமுன்பே இதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

தோட்டமும் துணை நிற்கட்டும்

பிள்ளையோடு மஹரகமவில் நிற்கும் தாய்க்கு அன்றைய பேர் (வேலைப் பதிவு) இல்லை, சம்பளமும் இல்லை. சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பயணமும் இழந்த கூலியும் இலவசம் அல்ல. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் கோயில் கமிட்டியும் சேர்ந்து கிளினிக் நாட்களுக்கான பயணச் செலவையும் இரவில் ஒரு வாகனத்தையும் பொறுப்பேற்கலாம். தொற்று இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால், பக்கத்துக் காம்பிராவில் யாருக்காவது அம்மை போட்டால் பிள்ளையின் தாயிடம் உடனே சொல்லுங்கள். அவர் அன்றே விடுதிக்கு அறிவிக்க வேண்டும்.