மஞ்சளும் கல்லீரலும்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குள் ஒருமுறை நுழைந்தவர் அந்த வாசனையை லேசில் மறக்கமாட்டார். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சரக்கு இல்லாமல் கொங்கு நாட்டில் சமையலும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. அதே மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்துக் குளிகையில் அடைத்து இன்று நமக்கே விற்கிறார்கள். நாட்பட்ட குடல் அழற்சியால் வருந்துவோரில் இதனை நாடுபவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கிருமியால் வரும் சீதபேதி மருந்தினால் தீர்ந்துவிடும். குடல் அழற்சியோ அப்படிப்பட்டதன்று. தேகத்தைக் காக்க வேண்டிய சக்தியே குடலைப் பகைத்துப் புண்ணாக்குகிறது. இரத்தப் பேதியும் இளைப்பும் சில காலம் அடங்கியிருந்து மறுபடியும் கிளம்பும்.

இந்நோயாளருள் சிலருக்குக் கல்லீரலும் கெடுகிறது. பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கிப் பித்தம் தேங்குகிறது. ஆரம்பத்தில் யாதொரு குறியும் தெரியாது. பின்னரே அரிப்பும், அயர்ச்சியும், காமாலையும் தலைகாட்டும். இவர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் உண்டாகும் அபாயமும் அதிகமாதலால், ஆண்டுதோறும் குடலை உள்நோக்கிக் கருவியால் சோதிக்கச் சொல்கிறார்கள். குடல் நோய்க்குக் கொடுக்கும் அசதயோபிரின் போன்ற மருந்துகளும் சிலருடைய கல்லீரலைத் தாக்குவதுண்டு.

மஞ்சளின் சத்தான குர்க்குமினில் பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. நோய் அடங்கியிருந்த 89 பேரைக் கொண்டு ஜப்பானில் செய்த சோதனை 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான மருந்துடன் தினம் 2 கிராம் குர்க்குமின் உண்ட 43 பேரில் இருவருக்கே ஆறு மாதத்திற்குள் நோய் திரும்பியது. உண்ணாத 39 பேரில் எண்மருக்குத் திரும்பியது. ஆனால் இது வைத்தியர் மேற்பார்வையில் நடந்த காரியம்.

மிளகின் சத்தைச் சேர்த்தால் குர்க்குமின் இருபது மடங்கு உட்கிரகிக்கப்படுவதைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் கண்டார்கள். குளிகை செய்வோர் பலர் மிளகைச் சேர்ப்பது இதனாலேதான். மஞ்சள் குளிகைகளால் கல்லீரல் பழுதுற்ற பத்துப் பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். ரசத்தில் விழும் ஒரு சிட்டிகை மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கிழங்கில் குர்க்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். குளிகையிலோ அதுவே திரண்டு நிற்கிறது.

குடல் நோயாளிக்குக் கண் மஞ்சளித்தால் காரணம் நோயா, மருந்தா, குளிகையா என்று வைத்தியர் ஆராய வேண்டியிருக்கிறது. “இது நாட்டுச் சரக்குதானே!” என்று குளிகையைச் சொல்லாமல் விட்டால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. குறி ஒன்றும் இல்லாதபோதே, வைத்தியர் குறிக்கும் காலந்தோறும் கல்லீரலுக்குரிய இரத்தப் பரீட்சை செய்துகொள்ள வேண்டும். அடுத்த முறை கோயமுத்தூருக்கு வைத்தியரைப் பார்க்கப் புறப்படும்போது, மருந்துச் சீட்டுடன் அந்தக் குளிகைப் புட்டியையும் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.