எழுந்து போயிருக்கலாமே! (தொடர் – 9)

யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். கேள்விக்குத் தப்பான பதில் சொல்கிறவருக்கு ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூடும். முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசி ஸ்விட்ச் வரை போனார்கள். ஷாக் பொய், பக்கத்து அறையில் இருந்தவர் சொல்லிவைத்த ஆள். அந்த 40 பேரை வைத்து மனித சுபாவத்தைப் பற்றி அறுபது வருடமாகப் பேசித் தீர்த்தாயிற்று. அந்த அறையில் அவர்கள் பட்ட பாட்டை 1963இல் வெளியான கட்டுரையில் மில்கிராமே மறைக்காமல் எழுதியிருக்கிறார். வியர்த்து, நடுங்கி, திக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். 14 பேருக்கு வேளைகெட்ட நேரத்தில் சிரிப்பு பீறிட்டது. மூன்று பேருக்கு வலிப்பு மாதிரியே வந்தது. அதில் கலைக்களஞ்சியம் விற்கும் 46 வயதுக்காரர் ஒருவருக்கு உடம்பு தூக்கிப்போட்டதில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இது முறையா என்று 1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் கேட்டார். மில்கிராம் தரப்பின் முதல் பதில், யாரையும் கட்டிப்போடவில்லை என்பது. உண்மைதான். நாலரை டாலர் பணமும் வந்ததற்காகவே தரப்பட்டது; நடுவில் போனாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் தயங்கியவர்களிடம் ஆய்வாளர் படிப்படியாகச் சொன்னவை என்ன? தொடருங்கள் என்பதில் ஆரம்பித்து, வேறு வழியே இல்லை, தொடர்ந்துதான் ஆகவேண்டும் என்பதில் முடியும் நான்கு வாக்கியங்கள். அதிகாரத்தோடு ஒருவர் சொன்னால் பெரும்பாலோரால் மறுக்க முடியாது என்பதுதானே இந்தச் சோதனை கண்டுபிடித்தது? அதை நிரூபித்துவிட்டு, ‘மறுத்திருக்கலாமே’ என்றும் வாதாடுவது எப்படிப் பொருந்தும்? மில்கிராமுக்கு எதிரான வலுவான சாட்சி மில்கிராமின் கண்டுபிடிப்புதான்.

இரண்டாவது பதில் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பிறகு கேட்டபோது சுமார் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார்கள், வருத்தப்பட்டவர்கள் 1.3 சதவீதம்தான். இந்தக் கணக்கை நான் ஒதுக்கவில்லை. நிரந்தரக் காயம் பலருக்கு இல்லை என்பதற்கு அது ஓரளவு ஆதாரம். சம்மதத்துக்கு அது ஆதாரமாகாது. சம்மதம் முன்னால் கேட்க வேண்டியது. தவிர, அறிவியலுக்குப் பெரிய உதவி செய்தீர்கள் என்று பல்கலைக்கழகமே எழுதிக் கேட்கும்போது, இல்லை, என்னை ஏமாற்றினீர்கள் என்று பதில் எழுதவும் துணிச்சல் வேண்டும். ஷாக் முழுக்கப் பொய் என்பதே பலருக்கு அன்றைக்குச் சொல்லப்படவில்லை, மாதங்கள் கழித்துத் தபாலில் வந்த அறிக்கையில்தான் தெரிந்தது என்று யேல் ஆவணங்களைத் துருவிய ஜினா பெர்ரி எழுதியிருக்கிறார். அந்த இடைப்பட்ட மாதங்கள் எந்தச் சதவீதத்திலும் வராது.

உண்மையைச் சொல்லிவிட்டால் சோதனையே இல்லையே என்ற ஆட்சேபம்தான் நியாயமானது. அதற்கு உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2006இல் செய்துகாட்டியது பதில். அவரும் பொய் ஷாக்கைத்தான் வைத்தார். ஆனால் 150 வோல்ட்டோடு நிறுத்தினார். அடுத்த அறையிலிருந்து ‘என்னை விடுங்கள்’ என்ற குரல் முதலில் வரும் இடம் அது. மில்கிராமின் கணக்கில் அதைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் பேர் கடைசிவரை போயிருந்தார்கள். ஆகவே அதற்கு மேல் யாரையும் வதைத்துத் தெரிந்துகொள்ள அதிகமில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம், பணம் உங்களுடையதுதான் என்று மூன்று முறையாவது சொன்னார்கள். அப்படிச் சொல்லியும் 70 சதவீதம் பேர் 150ஐத் தாண்டத் தயாராக இருந்தார்கள்! விலகும் உரிமையைப் படிவத்தில் அச்சடித்தால் போதும் என்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பர்கர் அதை நம்பியிருக்கவில்லை. ஆய்வை நடத்த மருத்துவ உளவியலாளர் ஒருவரை உட்காரவைத்து, எதிரே இருப்பவர் அளவுக்கு மீறிப் பதறினால் அவர் கேட்காமலே நீங்கள் நிறுத்திவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். நெறிமுறைக் குழுக்கள் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியதும் இதைத்தான்: நிறுத்துவது யார், எதைப் பார்த்து?

1971இல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு வாரம் நடக்கவேண்டிய சோதனை ஆறாம் நாளே நின்றது. நிறுத்தவைத்தது அதற்குள் இருந்த யாருமல்ல, வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சண்டை போட்ட ஒரு பெண். அது அடுத்த வாரம்.