ஆந்தை வர 70 நிமிடம்!

குட்டீஸ்... மந்திரவாதி கையை அசைத்ததுமே, 'டமால்' என மந்திரம் பலித்து விடும் என்று தானே நினைக்கிறீர்கள்? 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டில், எல்லா மந்திரமும் அப்படி இல்லை!

அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் உருவாக்கி, 1974ல் வெளிவந்தது இது. மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடமேற்று, கதை பேசியபடியே பகடை உருட்டுவர்.

இதன், 2014ம் ஆண்டு பதிப்பின் விதிப்படி, சில மந்திரங்களை சடங்காகச் செய்தால், மந்திர சக்தி செலவாகாது. ஆனால், 10 நிமிடம் கூடுதலாகும். 10 நிமிடம் தானே என்கிறீர்களா? சண்டையில் ஒரு சுற்று, 6 வினாடி தான். கணக்குப் போடுங்கள்... 100 சுற்று!

அத்தனை சுற்றிலும், மந்திரவாதி வாள் வீச முடியாது. நடக்கலாம்; அதற்கு தடையில்லை. எதிரி அடித்தால் தான் ஆபத்து. 20 முகப் பகடையை உருட்டி, உடல் உறுதிக்கான எண்ணையும் கூட்டி, 10 ஆவது வர வேண்டும். அடி பலமாக விழுந்திருந்தால், இன்னும் அதிகம் வேண்டும். வராவிட்டால், 99வது சுற்றானாலும் மந்திரம் காலி; மறுபடியும் முதலிலிருந்து!

அதனால் தான், வாள் வீரனாக விளையாடும் நண்பனை வாசலில் நிறுத்தி விட்டு, சடங்கைத் தொடங்குகின்றனர். துணைக்கு ஓர் ஆந்தையை சடங்கு செய்து வரவழைக்க, 70 நிமிடமாகும். நடுச்சண்டையில் அதை ஆரம்பித்தால், நண்பர்கள் முறைக்க மாட்டார்களா, என்ன?